தேக்காவைச் சுற்றி நல்ல காப்பி: ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்த இரண்டாம் நாள் காலை, புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடைக்குப் போய் "காப்பி" என்றேன். கல்லாவுக்குப் பின்னால் நின்ற சீனப் பெரியவர் ஏதோ திருப்பிக் கேட்டார். புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று "ஓகே, ஓகே" என்று தலையை ஆட்டினேன். சொட்டுப் பால்கூட இல்லாத கறுப்புக் காப்பி வந்தது. அவர் காதில் விழுந்தது "காப்பி ஓ". இங்கே ஓ என்றால் கறுப்பு. முதல் வாரம் முழுக்க அதையே குடித்தேன், வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல்.

அதெல்லாம் பதினோரு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது ஊரிலிருந்து யாராவது வேலைக்கு வந்தால் முதல் வாரத்தில் மூன்று விஷயம் கேட்கிறார்கள்: ரூம் எங்கே கிடைக்கும், சிம் கார்டு எங்கே வாங்குவது, நல்ல காப்பி எங்கே. முதல் இரண்டையும் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். மூன்றாவதை நான் சொல்கிறேன். நான் இருப்பது ஃபேரர் பார்க் பக்கம் என்பதால் தேக்காவையும் (லிட்டில் இந்தியா வட்டாரம்) அதை ஒட்டிய ஜாலான் புசாரையும் வைத்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான்.

முதலில், எந்தக் காப்பி வேண்டும்?

கடையைத் தேடும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரே பெயரில் மூன்று வேறு பானங்கள் இருக்கின்றன. ஒன்று நம் ஃபில்டர் காப்பி. இரண்டாவது, சீனக் காப்பிக்கடையில் கிடைக்கிற கோப்பி. மூன்றாவது, இயந்திரத்தில் போட்டு, மேலே நுரையில் இலைப்படம் வரைந்து தருகிற கஃபே காப்பி. நம் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவதில். கோப்பியில் போய் அம்மா போட்ட காப்பியைத் தேடுவார்கள், கிடைக்காது, "இந்த ஊர்ல காப்பியே சரியில்ல" என்று ஊருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

கோப்பிக்குக் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா வகை. அதைச் சர்க்கரையோடும் வெண்ணெய் அல்லது மார்ஜரினோடும் சேர்த்துக் கறுக்கக் கறுக்க வறுக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கருகிய இனிப்பு வாசனை. இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்ற சீனர்களுக்குப் பிந்தி வந்து சேர்ந்தவர்கள்; நல்ல தொழிலெல்லாம் அதற்குள் மற்றவர் கைக்குப் போயிருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தார்கள். அங்கே பழகிய ரொட்டியையும் காப்பியையும் வைத்துப் பிறகு சொந்தக் கடை போட்டார்கள். இந்தக் கடைகளைக் கோப்பித்தியாம் என்பார்கள். அதில் கோப்பி மலாய்ச் சொல், தியாம் என்றால் ஹொக்கியன் என்ற சீன மொழியில் கடை.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று போடுவதை ஒரு தடவை பாருங்கள். நீளமான துணிப்பை ஒன்று, காலுறை மாதிரி, வளையத்தில் தொங்கும். அதற்குள் தூள். நீண்ட மூக்கு வைத்த கெண்டியில் கொதிநீர் ஊற்றி, ஒரு கெண்டியிலிருந்து இன்னொரு கெண்டிக்குத் துணிப்பையோடு மாற்றி மாற்றி வடிப்பார் அங்கிள். அந்தக் கெட்டிச் சாறு ஒரு கெண்டியில் தயாராக இருக்கும். நீங்கள் கேட்டதும், கொதிநீரில் மூழ்கிக் கிடக்கும் தடித்த பீங்கான் கோப்பையை எடுத்து உதறி, அடியில் டின் பால் விட்டு, சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்துக்கு வெந்நீர் விடுவார். கரண்டியை உள்ளே போட்டுத் தட்டோடு தள்ளுவார். கலக்க வேண்டியது நீங்கள்.

யோசித்துப் பாருங்கள், இது டிக்காக்‌ஷன்தான். நாம் பாலால் நிரப்புகிறோம், அவர் வெந்நீரால் நிரப்புகிறார். இது புரிந்த நாளிலிருந்து எனக்குக் கோப்பி பிடிக்க ஆரம்பித்தது.

கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கோப்பிக்கடையில் காப்பி சரியில்லை என்பவர்களில் பாதிப்பேர் தப்பாகக் கேட்டவர்கள். பத்துச் சொல் போதும். மலாய், ஹொக்கியன் என்று கலந்து கட்டிய சொற்கள். எதற்கு என்ன பொருள் என்று மட்டும் பிடித்துக்கொண்டால் சரி.

கோப்பி: டின் பால் போட்டது. அந்தப் பாலிலேயே இனிப்பு உண்டு.
கோப்பி ஓ: பால் இல்லை, சர்க்கரை உண்டு.
கோப்பி சி: இனிப்பில்லாத சுண்டிய டின் பால், சர்க்கரை தனியாக. சி என்பது கார்னேஷன் என்ற பால் டின்னின் முதலெழுத்து என்பார்கள் சிலர். ஹைனான் மொழிச் சொல் என்பார்கள் வேறு சிலர்.
கோசோங்: காலி, அதாவது சர்க்கரையே வேண்டாம்.
சியூ தாய்: இனிப்புக் கம்மி. கா தாய் என்றால் இனிப்புக் கூடுதல். இங்கே வரும் தாய்க்கும் நம் தாய்க்கும் சம்பந்தமில்லை.
காவ்: சாறு கூட, கெட்டியாக.
போ: சாறு கம்மி, இலேசாக. "கோப்பி போ" என்று சொன்னால் யாரையும் விரட்டுவதாக ஆகாது, பயப்படாதீர்கள்.
பெங்: ஐஸ் போட்டது.
தபாவ்: கட்டிக் கொண்டுபோக. மலாய்க் கடையில் புங்குஸ் என்றாலும் இதுதான்.

பானத்தின் பெயர் முதலில், பாலின் வகை அடுத்து, பிறகு கெட்டி, இனிப்பு. பெங், தபாவ் இரண்டும் கடைசியில். வரிசை மாறினாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. நம் நாக்குக்கு மிக அருகில் வருவது என் அனுபவத்தில் "கோப்பி சி காவ் சியூ தாய்". சுண்டிய பாலில் ஏலக்காய் இல்லாத பால்கோவா வாசனை ஒன்று இலேசாக வரும். அதோடு காவ் சேரும்போது ஊர்க் காப்பிக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் கோப்பி சி கோசோங் என்று கேளுங்கள். வெறும் கோப்பி என்று கேட்டுவிட்டு "சர்க்கரை வேண்டாம்" என்றால் பயனில்லை, இனிப்பு டின் பாலுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய சங்கிலிக் கடைகளின் விலைப்பலகையில் சில பானங்களுக்குப் பக்கத்தில் சி, டி என்று எழுத்து இருப்பதைப் பார்க்கலாம். சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு என்பதை வைத்துத் தருகிற தரம் அது. கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் வந்துவிட்டது.

காப்பிக்கடை வேறு, உணவங்காடி வேறு

தேடத் தொடங்கும்போது இந்த வித்தியாசம் உதவும். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடையில் பானக்கடை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். கடையை எடுத்தவரே அதை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடங்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அதனால் சாப்பாடு அமோகமாக இருக்கும் இடத்தில் கோப்பி சுமாராக இருக்கலாம், கேட்பார் இல்லை. பல இடங்களில் ஆள் மேசைக்கே வந்து ஆர்டர் எடுப்பார், கோப்பை மேசைக்கு வந்ததும் காசு.

உணவங்காடி நிலையத்தில் ஒரே கூரைக்கடியில் நான்கைந்து பானக்கடைகள் இருக்கும். நீங்களே போய் வாங்கிவர வேண்டும். போட்டி இருப்பதால் சுவையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிதாக வந்தவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. தேக்கா நிலையம் இதற்குத் தோதான இடம்: 1982இல் திறந்தது, கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும், மாடியில் புடவை, சுடிதார், தையல். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே இருக்கிறது. சீனர் கோப்பி போடும் கடைக்கு நாலு எட்டில் நம் ஆள் தே தாரிக் (உயரத் தூக்கி ஆற்றும் பால் டீ) ஆற்றிக்கொண்டிருப்பார். தே தாரிக் நம்மவர்கள் இந்த ஊருக்குக் கொடுத்தது, அதற்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். காப்பி சரியில்லாத கடையில் தே கேளுங்கள், பல முறை தப்பிக்கலாம்.

கடையை எப்படி எடைபோடுவது

என் முறை இது. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கிற கடைகளுக்குத் தினம் ஒன்றாகக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். எல்லாக் கடையிலும் ஒரே ஆர்டர்: கோப்பி ஓ கோசோங். பிடிக்காது, தெரியும். மருந்து என்று நினைத்து நாலு வாய் குடியுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாதபோது சாறு தன் குறையை ஒளிக்க முடியாது. நல்லதாக இருந்தால் கசப்புக்குப் பின்னால் வறுத்த வேர்க்கடலை, கருப்பட்டி மாதிரி ஒரு வாசனை தங்கும். அடுப்பில் நெடுநேரம் கிடந்த சாறு என்றால் புளிப்பும் சாம்பல் வாடையும் நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். நல்ல கடை எது என்று தெரிந்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து உங்கள் இஷ்டப்படி சி, காவ் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம்.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் கூட்டம் இருப்பதால் துணிப்பையில் தூள் அடிக்கடி மாறும். பிற்பகல் மூன்று மணிக்கு அதே கடையில் அதே கை போட்டாலும் வேறு காப்பி. பழைய கடைகள் பல மதியத்தோடு சாத்திவிடும். ஒரு கடையைப் பிற்பகலில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

வேறு சில அடையாளங்கள்: கோப்பை சூடாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆறிய கோப்பையில் ஊற்றுகிற கடை கவனமில்லாத கடை. காலை எட்டு மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற கிழவர்கள் நாலு பேர் இருந்தால் நம்பி உட்காரலாம். அவர்கள் தினமும் வருகிறவர்கள், முப்பது வருடமாக வருகிறவர்களாகக்கூட இருக்கலாம். போனில் காட்டும் நட்சத்திரங்களை நான் இந்த வகைக் கடைக்குப் பார்ப்பதே இல்லை. அங்கே போடப்படும் மார்க் பெரும்பாலும் கோழிச்சோற்றுக்கு.

ஃபில்டர் காப்பிதான் வேண்டும் என்றால்

சிராங்கூன் ரோட்டில் இறங்கிவிடுங்கள், வேறு எங்கும் அலைய வேண்டாம். கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. ஆனந்த பவன் அதற்கும் முந்தியது, 1924. அதே 1924இல் பெங்களூரில் தொடங்கிய எம்டிஆரின் கிளையும் இதே சாலையில், பெருமாள் கோயில் பக்கம் உண்டு. அங்கே கிடைப்பது கன்னடத்துக் காப்பி. கொஞ்சம் இனிப்புத் தூக்கல், டம்ளர் சின்னது. இவை போக, சந்துக்குச் சந்து சைவ உணவகங்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. பலகையில் "காப்பி" என்று மட்டும் போட்டிருந்தால் அது உடனடிக் காப்பித்தூளில் கலந்ததாகவும் இருக்கலாம். வெட்கப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, டிக்காக்‌ஷன் காப்பியா, ப்ரூவா?" நான் இப்படிக் கேட்ட ஒரு கடையில் அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இப்பதான் இறங்குது, பத்து நிமிஷம் உக்காருங்க" என்றார். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அது அந்த மாதத்தின் நல்ல காப்பி. "சர்க்கரை தனியா" என்று சொல்லிவிடுவதும் நல்லது, சொல்லாவிட்டால் தாராளமாகப் போட்டுவிடுவார்கள்.

ஊரில் குடித்த அதே ருசி வராது. தூள் அங்கிருந்தே வந்தாலும் பால் வேறு. கறந்து வந்த எருமைப்பாலின் தடிமன் பாக்கெட் பாலில் எங்கே வரும்? அந்த ஏக்கம் தீரவில்லை என்றால் முஸ்தபா என்ற பெரிய கடைக்குப் போய் எவர்சில்வர் ஃபில்டரும் சிக்கரி கலந்த தூளும் வாங்கி வந்து வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ரூமில் அடுப்புப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அதில் மனக்கசப்பு வந்த கதைகள் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காப் பக்கம் காப்பிக்கென்று போகாதீர்கள். வாரம் முழுக்க உழைத்த தம்பிமார்கள் கூடும் நேரம் அது, நிற்க இடம் இருக்காது. அவர்களைப் பார்க்கப் போவதென்றால் அது வேறு, அப்போது காப்பி எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கொஞ்சம் நடந்தால்

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் டர்விட் ரோட்டில் சை செங் ஹுவாட் ஹார்டுவேர் என்று பலகை தெரியும். ஆணி, பெயிண்டு கிடைக்காது. 2012இல் தொடங்கிய காப்பிக்கடை. முன்பு ஹார்டுவேர் கடை இருந்த இடம். மூன்றாவது வகைக் காப்பி இங்கே. ஒரு கோப்பை 5 வெள்ளியிலிருந்து 7 வெள்ளி ஆகும் (வெள்ளி என்றால் இங்கே டாலர்). இந்த வகையில் எனக்குப் பிடித்த இன்னொன்று எவர்ட்டன் பார்க்கில், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிற நைலான். கொட்டையை அவர்களே வறுக்கிறார்கள், கடை மிகச் சின்னது. கஃபேக்கு நண்பர்களோடு போங்கள், தினசரிக்கு இது கட்டுப்படியாகாது.

பழைய வகையைப் பார்க்க ஆசை இருந்தால் நார்த் பிரிட்ஜ் ரோடு 10ஆம் புளோக்கில் ஹியாப் செங் லியோங். கோப்பியில் வெண்ணெய்த் துண்டு மிதக்க விட்டுக் கொடுப்பார்கள். ரொட்டியைக் கரி அடுப்பில் வாட்டுகிறார்கள். கில்லினி, யா குன் என்று எம்ஆர்டிக்கு எம்ஆர்டி பார்க்கும் பெயர்களும் பழையவைதான், முறையே 1919, 1944. கிளைக்கடைகளில் கோப்பி எங்கே குடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அவசரத்துக்கு நல்லது.

ரொட்டி என்றதும் ஒன்று. அதில் தடவுகிற காயாவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மட்டுமில்லை, முட்டையும் உண்டு. சைவம் பார்ப்பவர்கள் வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொல்லுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றம்) தரும் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று கடைக்குக் கடை பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசும் ஒழுங்கும்

காப்பிக்கடைக் கோப்பி ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி. சி கேட்டால் பத்து, இருபது காசு கூடும், பெங் என்றால் இன்னும் கொஞ்சம். பலகையில் இருப்பதுதான் விலை. கஃபேயிலும் உணவகத்திலும் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடும் சேரும். 6 வெள்ளிக் காப்பி 7 வெள்ளி 20 காசுக்கு வந்து நிற்கும். முதல் தடவை பில்லைப் பார்த்து நான் கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பேன், கூட வந்தவர் காலை மிதித்து நிறுத்தினார். சின்னக் கடைக்குச் சில்லறை வைத்திருங்கள். போனிலேயே காசு அனுப்பும் பேநவ் பல இடத்தில் எடுப்பார்கள், ஆனால் வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது போனைத் தடவிக்கொண்டிருந்தால் அங்கிளின் முகம் மாறும்.

மேசையில் தனியாக ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனதில்லை. இடம் பிடித்திருக்கிறார்கள், உட்காராதீர்கள். குடித்து முடித்ததும் கோப்பையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அதற்கான அலமாரியில் வைக்க வேண்டும். உணவங்காடிகளில் 2021 செப்டம்பரிலிருந்தும் காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் இது சட்டம், மீறினால் அபராதம் உண்டு. தபாவ் கோப்பியைக் கயிறு கட்டின பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுத் தருவார்கள். விரலில் மாட்டிக்கொண்டு நடப்பது சுகம். ஆனால் அதோடு எம்ஆர்டிக்குள் போய் ஒரு உறிஞ்சு உறிஞ்சினீர்கள் என்றால் 500 வெள்ளி வரை போகும். பேருந்திலும் குடிக்கக் கூடாது.

சீனப் புத்தாண்டுக்குப் பல கோப்பிக்கடைகள் சில நாள் சேர்ந்தாற்போலச் சாத்தியிருக்கும். உணவங்காடிகளைச் சுத்தம் செய்யவும் அவ்வப்போது மூடுவார்கள், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அதனால் கைக்காவலாக இரண்டாவது கடை ஒன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கடைக்கு மூன்று நான்கு வாரம் தொடர்ந்து போனால், நீங்கள் தெருவைத் தாண்டும்போதே அங்கிள் கோப்பையை எடுத்துவிடுவார். அன்றைக்கு உங்களுக்குக் கோசோங் வேண்டும் என்றால் தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கத்திவிடுங்கள். சர்க்கரையைப் போட்டுவிட்டார் என்றால் மாற்றச் சொல்ல மனசு வராது. நான் பல நாள் பேசாமல் அதையே குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.